பைக்கு அடியில் செய்தித்தாள்

வயிற்றிலிருந்து வடிந்து நிறைந்த பையைத் தரையில் விரித்திருக்கும் செய்தித்தாளின் மேல் வைப்பேன். பிறகு முட்டி போட்டுக் குனிந்து, பைக்கு அடியில் தெரியும் எழுத்தைப் படிப்பேன். தலைப்பு மட்டும் தெரிந்தால் போதாது, அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்தும் தெரிய வேண்டும். தெரிந்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. தெரியாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்த சோதனை இது.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி தவமணி முகமூடிக்குள்ளிருந்து கேட்பாள்: "இன்னைக்கு என் வயித்துல என்ன செய்தி?"

"உத்தமபாளையத்துல ரோடு போடப் போறாகளாம்."

"போட்டா சொல்லுங்க. போடப் போறதுக்கெல்லாம் என்னய எழுப்பாதீக."

வேலையில் இருந்த காலமெல்லாம் மாவட்ட நிருபராக அந்தப் பத்திரிகைக்குத்தான் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு அதை நான் படித்தது இப்படித்தான், ஒரு பையின் அகலத்துக்கு, தண்ணீருக்குள்ளே. நான் எழுதிய நாட்களில்கூட இவ்வளவு கவனமாக அதை யாரும் படித்திருக்கமாட்டார்கள்.

இந்தத் தொடரின் போன அத்தியாயத்தில் தேர்தல் கூட்டங்களைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் அதைத் தொடர உடம்பில் தெம்பில்லை. வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

தண்ணி மாத்துறது

தவமணிக்குச் சர்க்கரை. சர்க்கரை மெதுவாக இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுப்பதற்குப் பதிலாக வீட்டிலேயே செய்துகொள்ளும் வழி ஒன்று இருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் குடலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. நிறைய ரத்தக்குழாய்கள் ஓடும் சவ்வு. வயிற்றில் நிரந்தரமாக ஒரு குழாய் வைத்து, அதன் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் அது அங்கேயே இருக்கும். ரத்தத்தில் சேர்ந்த கழிவு அந்தச் சவ்வைத் தாண்டித் தண்ணீருக்கு வரும். உடம்பில் தேங்கிய நீரும் வரும். பிறகு வடித்துவிட்டு, புதுப் பை. ஒரு நாளைக்கு நாலு முறை, எல்லா நாளும்.

நாமெல்லாம் மூச்சிலும் வேர்வையிலும் சிறுநீரிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். உள்ளே இருப்பதை வெளியே கொடுப்பதும் வெளியே இருப்பதை உள்ளே எடுப்பதும் நமக்குத் தெரியாமலே நடக்கிறது. அவளுக்கு அதை நாங்கள் இரண்டு பேரும் கையால் செய்தோம்.

தண்ணீரை உடம்பிலிருந்து இழுப்பது அந்த மருந்தில் கலந்திருக்கும் சர்க்கரை. இதை நர்ஸ் விளக்கியபோது தவமணி சிரித்துவிட்டாள்.

"வாயில போடக் கூடாதாம், வயித்துல ஊத்தலாமாம். இத எங்க ஆத்தா கேட்டிருந்தா டாக்டரத்தான் வேற டாக்டர்ட்டக் கொண்டுபோயிக் காட்டச் சொல்லியிருக்கும்."

சின்னமனூரில் எங்கள் வீட்டின் பின் அறையை அதற்கென்று ஒழித்தோம். திரைச்சீலை இல்லை, காலண்டர் இல்லை, துணி தொங்கும் கொடி இல்லை. ஜன்னல் கம்பியில் பை மாட்ட ஒரு கொக்கி. சுவர் நெடுக மருந்துத் தண்ணீர் அட்டைப்பெட்டிகள். பை மாற்றும்போது கதவைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், இரண்டு பேரும் முகமூடி போட வேண்டும். சோப்புப் போட்டுக் கையை நெடுநேரம் தேய்த்துக் கழுவ வேண்டும். சித்திரை மாதத்தில் அந்த அறையில் ஸ்பிரிட் வாசமும் எங்கள் வேர்வையும் மட்டும் இருக்கும்.

பெட்டி தூக்குவது, பையை வெதுவெதுப்பாக்குவது, வடிந்ததைக் கழிப்பறையில் ஊற்றுவது, காலிப் பையைக் கத்தரித்துப் போடுவது என்று நாள் ஓடியது. ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போய் வர முடியுமோ அதுதான் எங்கள் உலகம். பெரும்பாலும் சந்தை வரைக்கும்.

வெடித்த பழம்

இந்தச் சவ்வு விஷயம் எனக்குப் புரியச் சிரமமாக இல்லை. பல வருடம் திராட்சைச் செய்தி எழுதியவன் நான்.

அறுவடைக்குப் பழம் தயாராக நிற்கும்போது இரண்டு நாள் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். வேர் குடித்த தண்ணீர் ஒரு பக்கம் ஏறுகிறது. உள்ளே சர்க்கரை ஏறிய பழம் நனைந்த தோல் வழியாகவும் இழுக்கிறது. தோல் ஓரளவுக்குத்தான் இடம் கொடுக்கும். ஓடைப்பட்டிப் பந்தல்களுக்குக் கீழே நின்று இதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். விவசாயி ஒருவர் வெடித்த குலையைக் கையில் ஏந்தி நிற்பார், பக்கத்திலிருந்து படம் எடுப்போம். விவசாயி மாறுவார், ஊர் மாறும், செய்தி மாறாது. ஒரு கட்டத்தில் டெஸ்க்கிலிருந்தே, "போன வருச மேட்டரையே தூசி தட்டி அனுப்புங்க சார்" என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு பந்தலுக்குக் கீழேதான் தவமணியை முதலில் பார்த்தேன். அவளுடைய அப்பாவின் தோட்டம். அதைப் பிறகு அவள் தம்பி பாண்டி பார்த்துக்கொண்டான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகும் முன்பு பாண்டிக்கு நடந்த ஒன்றை அவள் அடிக்கடி சொல்வாள். வெயிலில் சட்டை இல்லாமல் பூச்சிமருந்து அடித்திருக்கிறான். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் தெளிக்கும் மருந்தில் பாதி ஆள் மேலேயே விழும். வாயில் ஒரு சொட்டும் போகவில்லை, எல்லாம் தோல் வழியாகத்தான். வரப்பில் சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தவனை இவள் இழுத்துக்கொண்டு போய் பம்புசெட் தண்ணீரில் உட்காரவைத்து, துணிச் சோப்பால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அப்புறம் ஆஸ்பத்திரி. கழுவியதால்தான் பிழைத்தான் என்று அங்கே சொன்னார்களாம்.

"தோல உரிச்சிட்டாய்யா எங்கக்கா" என்று பாண்டியும் சொல்வான். சொல்லும்போது முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

நான் என்ன கிருமியா

வீட்டில் பை மாற்ற ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பாண்டி வந்தான். வேட்டி சட்டையில், கையில் ஒரு பெட்டி பழத்தோடு. எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவது ஒரு கடமை. போனால் அருகில் உட்கார்ந்து கையைப் பிடிக்க வேண்டும். வாசலோடு திரும்பினால் அது பார்த்ததாகாது.

அவன் வந்த நேரம் பை ஏறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே இருந்தபடி குரல் கொடுத்தேன். தவமணியும் கத்தினாள்: "அங்கனயே இருடா, அரை மணி நேரந்தான்."

"எங்கக்காவப் பாக்க எனக்கு என்ன மச்சான் தடை?"

"தடையில்ல மாப்ள. கிருமி வந்துருமாம். நர்ஸு சொல்லியிருக்காக."

வெளியே பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் என்ன கிருமியா, மச்சான்?"

நாங்கள் கதவைத் திறந்தபோது பெட்டி மட்டும் இருந்தது. கூடப் பிறந்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள் என்று ஓடைப்பட்டியில் பேச்சு பரவியது. தவமணி போன் போட்டாள். அவன் மனைவி ஜோதி எடுத்து, "அவுக தோட்டத்துல இருக்காக மதினி" என்றாள். எப்போது கூப்பிட்டாலும் தோட்டத்தில்தான் இருந்தான்.

பொங்கல் வந்தது. பொங்கல் சீர் ஒரு பையன் கையில் வந்தது, பாண்டி வரவில்லை. அடுத்த பொங்கலும் அப்படியே. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் முகமூடிக்கு மேலே தவமணியின் கண் கதவுக்குப் போகும். அதை நான் பார்த்தேன்.

ராகுகாலத்துக்கு முன்னால்

பாண்டியின் மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது வேறு ஆட்கள் மூலமாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை முதலில் குலதெய்வத்துக்கு. அடுத்தது பெண்ணுக்கு அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. அவள் வாங்கிய பிறகுதான் ஊருக்கு. அத்தையும் அவள் கணவரும் கிழக்குப் பார்த்துச் சேர்ந்து நிற்க வேண்டும். பத்திரிகை வைத்த தட்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். சந்தனமும் குங்குமமும் எடுத்து நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டு, கொண்டுவந்தவளுக்கும் வைத்துவிட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பை கிட்டத்தட்ட ஏறி முடிந்த நேரம். வாசலில் வண்டி நின்றது. நான் அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். ஜோதி கையில் தட்டு. பின்னால் பாண்டி, தலைமுடி நரைத்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான்.

"வாம்மான்னு நீங்கதான் கூப்பிடணும் அண்ணே, நானே கூப்பிட்டுக்கிறேன்" என்று சிரித்தபடி ஜோதி உள்ளே வந்தாள்.

பாண்டி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். "மச்சான், நாலரைக்கு ராகுகாலம். அக்கா எங்கன?"

"உள்ள. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. உக்காரு மாப்ள."

"எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு பதினஞ்சு நிமிசம்."

அவன் உட்காரவில்லை. கதவைப் பார்த்தான். பிறகு ஜோதியைப் பார்த்தான். ஜோதி தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது.

தவமணி குழாயின் கிளிப்பை மூடிவிட்டு, குழாயோடு சேர்ந்த பைகளை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தாள். முந்தானையை இழுத்துக் குழாயை மறைத்திருந்தாள். முகமூடி இல்லை.

"ஏலே, இம்புட்டு வருசங்கழிச்சு வந்துட்டு என் மூஞ்சியப் பாக்காம கடியாரத்தப் பாக்குற. குடுடா."

"தவம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

தட்டை வாங்கினோம். அவள் குங்குமத்தை எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டு ஜோதிக்கு வைத்தாள். பாண்டியின் நெற்றியிலும் ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் குனிந்து அவள் காலைத் தொடப் போனான். "குழாய்ல மிதிச்சிறாத" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

"நீங்க அவுகளுக்குக் காப்பி போடுங்க. மிச்சத்த நான் முடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

மிச்சம் என்பது கையைக் கழுவி, குழாயைப் பையிலிருந்து கழற்றி, நுனியில் புது மூடி போடுவது. அதை எப்போதும் அவள்தான் செய்வாள், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பழக்கம். நான் அடுப்படிக்குப் போனேன்.

"அக்கா, காப்பி ஆறுது" என்று பாண்டி கூப்பிடும் குரல் கேட்டது. அவள் வந்துவிட்டாள். சீக்கிரமே வந்துவிட்டாள்.

விளக்கு வைக்கும் வரைக்கும் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரரைப் பற்றி, பந்தல் கம்பி திருடியவனைப் பற்றி, போடிக்குக் கல்யாணமாகிப் போன ஒருத்தியைப் பற்றி என்று பேச்சு ஓடியது. அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

தெரியாத எழுத்து

மறுநாளுக்கு மறுநாள் காலை. பையைத் தாளின் மேல் வைத்தேன். அரிசி கழுவிய தண்ணீர்போல இருந்தது. பையை நகர்த்தி வைத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"என்ன செய்தி?" என்றாள். முந்தின இரவிலிருந்து வயிறு வலிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"தலைப்பே தெரியல."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள்.

"வெரலத் தண்ணியில நனச்சேன். சோப்புப் போடல. அவன் கூப்புட்டான்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அவன்ட்டச் சொல்லாதீக" என்றாள்.

கலங்கிய பையையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனோம். மருந்துத் தண்ணீரிலேயே கிருமிக்கான மருந்தைக் கலந்து உள்ளே விட்டார்கள். எதனால் வந்தது என்று கேட்டேன், கேட்டே பழகியவன். மனிதர் தோலில் எப்போதும் இருக்கும் கிருமிதான் என்றார் இளம் டாக்டர். உள்ளே எப்படிப் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒழுங்காகச் செய்பவர்களுக்கும் வரும் என்றார். ஆகவே நானும் உறுதியாக எழுதவில்லை. நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தண்ணீர் தெளிந்தால் குழாய் இருக்கும், வீட்டுக்குப் போகலாம். தெளியாவிட்டால் குழாயை எடுக்க வேண்டும். அப்புறம் வாரம் மூன்று நாள் தேனியில் இயந்திரம், ஆயுசுக்கும்.

"வீட்டுலயே இருக்கணும்" என்றாள் தவமணி. டாக்டரிடம் அவள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். "அந்த மிசின் வேண்டாம் சார். நாள் பூரா நான் ஆஸ்பத்திரிச் சொத்தாகிருவேன்."

ஒவ்வொரு நாளும் வார்டில் நர்ஸ் பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் அதுவும் இல்லை.

பாண்டி வந்தான். கட்டிலை விட்டு எட்ட நின்றான். "கல்யாண நேரத்துல இப்படி ஆகிப்போச்சே. எதனால மச்சான்?"

"டாக்டருக்கே தெரியல, மாப்ள."

தவமணி மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயை எடுத்தார்கள். கழுத்தில் தற்காலிகமாக வேறொரு குழாய் வைத்தார்கள். கார்த்திகாவின் கல்யாணத்தில் தவமணி முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாள். பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இரண்டு வாய் சாப்பிட்டாள்.

மீதியிருந்த மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளைக் கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் வந்து வாங்கிப்போனார். அவர் மகனுக்கும் இதே வைத்தியம். பின் அறைக்கு மறுபடி திரைச்சீலை மாட்டினோம்.

தேனி ரோட்டில்

இப்போது அவளுடைய ரத்தம் உடம்புக்கு வெளியே வந்து, ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் போய்த் திரும்புகிறது. உருளைக்குள்ளும் சவ்வுதான். வயிற்றுக்குள் நாள் முழுக்க மெதுவாக நடந்தது, இங்கே சில மணி நேரத்தில் அவசரமாக நடக்கிறது. முடித்து எழுந்திருக்கும்போது பிழிந்து போட்ட துணிபோல இருக்கிறாள். மறுநாள் மதியம் வரைக்கும் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கும்போது அடுத்த முறை வந்துவிடுகிறது. எனக்கும் வயதாகிறது. பேப்பர் வாசலில் அப்படியே கிடக்கிறது.

முதல் வாரம் பஸ்ஸில் போனோம். அடுத்த வாரம் விடியும்போது பாண்டி பழப்பெட்டி ஏற்றும் தன் வேனோடு வந்து நின்றான். "பஸ்ஸுல எதுக்கு மச்சான்?" என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை. அன்றிலிருந்து அவன்தான் வருகிறான். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்காருவோம். அக்காவும் தம்பியும் வழியெல்லாம் சண்டை போடுவார்கள். கொடி வெட்டும் கவாத்துக்கு ஆள் பிடித்ததில் தப்பு, கார்த்திகாவை மறுவீட்டுக்கு அழைத்ததில் தப்பு, ஹாரன் அடிப்பதில்கூடத் தப்பு.

"நீ பேசாம வாக்கா, ரத்தம் கொதிச்சா மிசினு தாங்காது."

"ஒன்னக் கட்டிக்கிட்டு ஜோதி தாங்கல?"

போன மாதம் ஒரு நாள், வீரபாண்டி ஊரைத் தாண்டியதும் பாண்டி வண்டியை ஓரம்கட்டினான். டயர் ஏதோ என்று நினைத்தேன். அவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீ காப்பி குடிக்கிறப்பவே ஜோதி எங்காதுல சொன்னா. மதினி வெரல்ல குங்குமம் அப்படியே இருக்கு, கை கழுவாம முடிச்சிட்டாகளோன்னு. நாந்தான் பேசாம இருடின்னேன்."

தவமணி தன் வலது கை விரலைப் பார்த்தாள்.

"சொன்னா நீ எந்திரிச்சு உள்ள போயிருவ. மறுபடியும் கதவச் சாத்துவீக. நான் மறுபடியும் வெளிய நிக்கணும். அதான் சொல்லல. தெரிஞ்சே சொல்லலக்கா."

லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. வேன் ஒருமுறை ஆடி நின்றது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"ஜோதி கெட்டிக்காரி" என்றாள் தவமணி கடைசியில். "அவ பேச்ச என்னைக்குத்தான் நீ கேட்ட?"

அவன் தோள் குலுங்கியது. அவள் இயந்திரத்தின் ஊசி ஏறித் தடித்திருக்கும் இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். பலமாகத்தான் போட்டாள்.

"எட்றா வண்டிய. லேட்டாப் போனா என் கட்டில வேற ஆளுக்குக் குடுத்துருவாக."

பாண்டி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான்.